ஏழாம் பெட் போயிட்டாரு

சாத்தூர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் ஒரு குரு இருந்தார். தாடி கிடையாது, காவி கிடையாது. முப்பத்திரண்டு வயது, பருத்திச் சேலை, கழுத்தில் அடையாள அட்டை. முழுப் பெயர் குருவம்மாள். எல்லோரும் அதில் பாதியை வெட்டிவிட்டு குரு என்றே கூப்பிட்டார்கள். நோயாளிகளின் ரிப்போர்ட்டுகளை வைத்துப் பாதுகாக்கும் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு.

அவரிடம் ரிப்போர்ட் கொடுக்கும் நர்சுகள்தான் சீடர்கள். அவர்களில் மூத்தவர் சிஸ்டர் ஜெசிந்தா. குருவைவிட இருபது வயது பெரியவர். ஆண்கள் வார்டில் இருபத்தெட்டு வருஷம் ரிப்போர்ட் எழுதி எழுதி அவருடைய நடுவிரல் காய்த்துப்போயிருந்தது. டியூட்டி இரண்டு மணிக்கு முடியும். எழுதி முடிக்க மூன்றரை ஆகும்.

ஒருநாள் குரு ஒரு போனைக் கொண்டுவந்து கொடுத்தார். அதைப் பார்த்துப் பேசினால் போதும். உள்ளே இருக்கும் ஏஐ அதைக் கேட்டு ரிப்போர்ட்டாக எழுதி, கேன்டீன் முதல் மேனேஜர் வரை அனுப்பிவிடும். அனுப்புவதற்கு முன் 'சரி' என்று ஒரு பொத்தான் வரும். அதைத் தட்டினால் கையெழுத்துப் போட்ட மாதிரி.

ஜெசிந்தாவுக்கு அது வரப்பிரசாதம். இரண்டு இருபது பஸ்ஸைப் பிடித்தார். மூன்று மணிக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனார். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் வண்டியின் பின்சீட்டில் ஒருபக்கமாக உட்கார்ந்து அலுத்துப்போனவர் அவர். மூன்றாவது வாரம் பள்ளிக்கூட மைதானத்தைத் தனியாக ஒரு சுற்று சுற்றி வந்தபோது சின்னப் பிள்ளை மாதிரி கத்தியேவிட்டார்.

அந்த வாரம்தான் ஏழாம் பெட்டுக்குப் பேச்சிமுத்து வந்து சேர்ந்தார்.

அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். முடிந்து மூன்று நாளாகியும் மனிதருக்கு வயிறு இளகவில்லை. டாக்டர் வரும்போதெல்லாம் ஒரே கேள்விதான் கேட்டார். "போனாரா?" வார்டே காத்திருந்தது. நாலாம் நாள் காலையில் அந்த நல்லது நடந்தது. பக்கத்து பெட்காரர்கள் கைதட்டினார்கள்.

மத்தியானம் ஜெசிந்தா போனை எடுத்து மனம் குளிரச் சொன்னார். "ஏழாம் பெட் பேச்சிமுத்து இன்னைக்குக் காலைல ஒரு கஷ்டமும் இல்லாம நல்லபடியா போயிட்டாரு. எல்லாருக்கும் நிம்மதி."

ஏஐக்கு மரியாதை தெரியும். அது இப்படி எழுதியது: 'ஏழாம் படுக்கை நோயாளி திரு. பேச்சிமுத்து இன்று காலை அமைதியான முறையில் காலமானார்.'

ஜெசிந்தா 'சரி'யைத் தட்டிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

சாயங்காலம் காபி வண்டி ஏழாம் பெட்டைத் தாண்டிப் போனது. பேச்சிமுத்து கூப்பிட்டார். கேன்டீன்காரர் பட்டியலைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், மறுபடியும் பட்டியலைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, லிஸ்ட்ல நீங்க இல்ல" என்றார். விஷயத்தை அதைவிட மென்மையாக அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் மேனேஜர் குருவைக் கூப்பிட்டார்.

"எல்லாரும் படிச்சுப் பாத்துத்தான் சரின்னு தட்டுறாங்களா? இல்லேன்னா அந்தப் போனே நமக்கு வேண்டாம். பழையபடி கையால எழுதட்டும். ரெண்டு மணிக்குள்ள விசாரிச்சு எழுதிக் குடுங்க."

செய்தி வார்டுக்குப் போய்விட்டது. ஒன்றரை மணிக்கு ஜெசிந்தா குருவின் அறைக்கு வந்தார். முகம் வாடியிருந்தது.

"குரு, தப்பு என் வாய்லயா, மெஷின் காதுலயா?"

குரு போனை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"வாங்க சிஸ்டர், ஏழாம் பெட்டுக்குப் போவோம்."

பேச்சிமுத்து கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். "வாங்க தாயி. பதினாறாம் நாளுக்கு இன்னும் நாள் கெடக்கே, அதுக்குள்ள வந்துட்டீக!"

குரு சிரித்துக்கொண்டே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நடந்ததைப் போனிடம் சொன்னார். அது எழுதியதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

"ஏழாம் பெட் பேச்சிமுத்து, வயது அறுபத்தெட்டு. அவர் மலம் கழித்ததை 'போயிட்டாரு' என்று சிஸ்டர் சொன்னார். மெஷின் அதை மரணம் என்று எழுதியது. அதனால் அவருக்கு இரவுச் சாப்பாடு வரவில்லை."

"அறுபத்தாறு" என்றார் பேச்சிமுத்து. "அவசரத்துல ரெண்டு வயசக் கூட்டிட்டீக. அப்புறம், சாப்பாடு வந்துருச்சு. வராதது காபி."

குரு இரண்டையும் திருத்தினார். முதலிலிருந்து மறுபடி வாசித்தார். பிறகு ஜெசிந்தாவைப் பார்த்தார்.

"சரியா இருக்கா சிஸ்டர்?"

எழுதியிருந்தது எல்லாம் உண்மைதான். பொத்தானைப் பற்றி மட்டும் அதில் ஒரு வார்த்தை இல்லை. சரி என்று சொல்லிவிட்டால் போதும், போன் தப்பித்துவிடும். இரண்டு இருபது பஸ் இருக்கும், ஸ்கூட்டர் இருக்கும். ஜெசிந்தாவுக்கு மைதானம் கண்முன் வந்தது.

"இல்ல குரு. ஒண்ணு விட்டுப்போச்சு."

"சொல்லுங்க."

"நான் படிக்கல. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு படிக்காமயே தட்டிட்டேன். கையால எழுதுன இருபத்தெட்டு வருஷத்துல ஒருநாள்கூட நான் படிக்காமக் கையெழுத்துப் போட்டதில்ல. அதையும் சேத்துக்கோங்க. போன் போனாப் போகட்டும்."

"அட விடு தாயி" என்றார் பேச்சிமுத்து. "இன்னைக்கு ரெண்டு காபி குடுத்துட்டாக."

குரு அதையும் போனில் சொன்னார். மூன்றாவது முறையாக முழுவதையும் வாசித்தார். ஒரு வார்த்தையையும் விழுங்கவில்லை.

"இப்ப?"

"சரி" என்றார் ஜெசிந்தா. இரண்டு மணி ஆகப் பத்து நிமிஷம் இருந்தது. சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழைய ரிப்போர்ட் நோட்டு எந்த அலமாரியில் இருக்கிறது என்று யோசிக்க ஆரம்பித்தார்.

"இருங்க சிஸ்டர். கடைசி வரி இன்னும் பாக்கி" என்றார் குரு.

போனை வாயருகே கொண்டுபோய்ச் சொன்னார்.

"இந்தப் போன் இந்த வார்டிலேயே இருக்கட்டும். அது விட்டதைச் சொல்ல இங்கே ஆள் இருக்கிறார்."