காலியான ஃபோல்டர்

கொல்லிமலை அடிவாரத்தில் எங்கள் ஆசிரமம். குரு வடிவம்மை அம்மா. முன்பு கல்லூரியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தவர். தொண்டையில் ஆபரேஷன் ஆனதும் குரல் போய்விட்டது. எதைக் கேட்டாலும் சிலேட்டில் எழுதித்தான் பதில். சிரிப்பு மட்டும் சத்தமில்லாமல் அப்படியே இருக்கிறது.

அவர் குரல் மிச்சமிருந்தது அர்த்தநாரி அண்ணனிடம்தான். சங்ககிரியில் லாரி ஓட்டியவர், அம்மாவைவிட வயதில் மூத்த சீடர். மீசையைப் பார்த்தால் பயம் வரும், மனசு தயிர்ச்சோறு. அம்மா பேசியதையெல்லாம் ரெக்கார்டு பண்ணித் தன் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரில் வைத்திருந்தார். யாருக்கும் காப்பி தரமாட்டார். கேட்கக் கேட்கத் தேய்ந்துவிடுமாம்! சமையல்கட்டில் இருக்கிற நானும் கேட்டுப் பார்த்து மூக்குடைபட்டவள்தான். "போட்டுக் காட்டட்டுங்களா?" என்று அம்மாவிடம் மட்டும் அடிக்கடி கேட்பார். அம்மா வேண்டாமென்று கையசைத்துவிடுவார்.

ஒருநாள் அம்மா சிலேட்டைத் திருப்பிக் காட்டினார். "எல்லாருக்கும் கொடுங்க."

அதற்கு மேல் அப்பீல் ஏது?

ஆசிரமத்தில் மூன்று கம்ப்யூட்டர், மூன்றிலும் ஓடுவது லினக்ஸ். அலுவலகத்துப் பெரிய கம்ப்யூட்டரில் 'பொது' என்று ஒரு ஃபோல்டரைத் திறந்து, மற்ற இரண்டிலிருந்தும் அதைப் பார்க்கிற மாதிரி செய்வதாக ஏற்பாடு. அண்ணன் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து ஒண்டியாகவே செய்தார். முதலில் சமையல்கட்டுக் கம்ப்யூட்டரில் வந்தது. ஆசையாக நானும் ஒரு வரி எழுதிப் போட்டேன். அண்ணன் தன் கம்ப்யூட்டரிலும் இணைக்கப் போனார்.

கொஞ்ச நேரத்தில் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அம்மா முன்னால் வந்து நின்றார். நான் கரண்டியோடு ஓடினேன்.

"போச்சுங்கம்மா. எல்லாம் போச்சு."

"என்ன போச்சு?" என்று எழுதினார் அம்மா.

"உங்க பேச்சு முழுக்கங்க. 'பொது'வைக் கொண்டாந்து என்ர ஃபோல்டர்லயே மாட்டுனேன். குழாய மாட்டுனா தண்ணி அந்தப் பக்கம் போயிரும்னு நெனச்சேங்க. தொறந்து பாத்தா ஒண்ணுமே இல்ல."

"ஒண்ணுமேயா?"

"நாளைக்கு இட்லிக்கு ஊறப்போடணும்னு ஒண்ணு கெடக்குதுங்க."

அது நான் போட்டது. வேறு நேரமாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அண்ணன் முகத்தைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"வேற காப்பி?"

"யாருக்குங்க குடுத்தேன், பாவி நான்!"

அம்மா சிலேட்டைத் துடைத்தார். "என்னென்ன போச்சு? சொல்லுங்க."

"மழ பேஞ்சன்னிக்குப் பேசுனது போச்சுங்க. ஓடு ஒழுகி எல்லாரும் நகுந்து நகுந்து உக்காந்தமே. நீங்க சொன்னீங்க..."

அவருக்கே தெரியாமல் ஒரு விரல் மேலே போனது. கண் பாதி மூடியது. லாரிக்காரர் தொண்டைக்குள் எங்கிருந்தோ அம்மா பேச்சின் அந்த இழுப்பு வந்தது.

"'ஒழுகுற இடத்தை விட்டு நகர்ந்தாச்சு, சரி. நகர்ந்த இடத்துல யாரோ உட்கார்ந்திருந்தாங்களே, அவங்க இப்ப எங்க?'"

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அம்மாவேதான்!

"அப்புறம்?" என்று சிலேட்டு.

"அடுப்பு அணஞ்ச அன்னிக்குப் பேசுனதுங்க. 'சோறு ஆறிப்போச்சேன்னு வருத்தப்படாதீங்க. பசி ஆறாம இருக்குல்ல? அது போதும்.'"

அன்றைக்கு அழுதுகொண்டிருந்தது நான்தான். இப்போதும் அழுதேன்.

"அப்புறம்?"

சொல்லிக்கொண்டே போனார். அம்மா நடுவில் போடுகிற சின்ன இருமல்கூட விடவில்லை. சத்தம் கேட்டு வந்த மற்ற சீடர்களும் உட்கார்ந்து கேட்டார்கள். அடுப்படியில் கஞ்சி ஆறிப்போனது, யாரும் எழுந்திருக்கவில்லை. எல்லாம் முடிந்ததும் அண்ணன் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அம்மா எழுந்து அண்ணனின் கம்ப்யூட்டர் பக்கம் போனார். நாங்களும் பின்னாலேயே போனோம்.

இணைப்பைக் கழற்றச் சொல்லி அம்மா ஒரு வரி தட்டினார். ஃபோல்டர் உபயோகத்தில் இருக்கிறது, முடியாது என்றது கம்ப்யூட்டர்.

"இன்னும் அதுக்குள்ளயே நிக்கிறீங்க. வெளியே வாங்க" என்று எழுதிக் காட்டினார். அண்ணன் திரையில் திறந்து வைத்திருந்த ஜன்னலையெல்லாம் மூடினார். அம்மா மறுபடி தட்டினார்.

அத்தனை ஒலிப்பதிவும் வரிசையாக இருந்தது. ஒன்றுகூடக் குறையவில்லை.

"ஐயோ சாமி!" என்று அண்ணன் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இருந்த ஃபோல்டர் மேலயே இன்னொண்ணை விரிச்சுட்டீங்க. அதான் மறைஞ்சிடுச்சு. காலியா ஒரு ஃபோல்டர் போட்டு, அதுல மாட்டுங்க."

மாட்டினார். தானே ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் 'பொது'வில் காப்பி போட்டார். நான் ஓடிப்போய் என் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, "வந்துடுச்சு, வந்துடுச்சு!" என்று கத்திக்கொண்டே திரும்பி வந்தேன்.

அண்ணனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் சந்தேகமும் வந்தது.

"ஏனுங்கம்மா, இது அடியிலதான் இருக்கும்னு நான் வந்து சொன்னப்பவே உங்களுக்குத் தெரியுமுங்களா?"

அம்மா தலையாட்டினார்.

"அப்புறம் எதுக்குங்க அத்தனையும் என்னைச் சொல்ல வெச்சீங்க? எனக்கு உசுரே போயிருச்சுங்களே!"

அம்மா சிலேட்டை மெதுவாகத் துடைத்தார். எழுதி அவர் பக்கம் திருப்பினார்.

"என் குரலைக் கேட்டு ரொம்ப நாளாச்சு."