நாற்பத்தொரு மீன்களின் கண்

நாற்பத்தொரு அவரை விதைகளும் வறுபட்டுவிட்டன. இனி ஒன்றுகூட முளைக்காது.

இதைச் சொல்லத்தான் பொன்னுரங்கம் மாஸ்டர் காலையிலேயே நாச்சியார் அம்மாளின் வாசலுக்கு வந்தார். வந்தவர் செருப்பைக் கழற்றினார், மறுபடி மாட்டினார்.

நாச்சியார் மண்வெட்டிக்குக் காம்பு போட்டுக்கொண்டிருந்தார். ஆப்பு இறங்க மறுத்தது.

"சொல்லுங்க மாஸ்டரே. மூஞ்சி சரியில்ல."

"சடையன் வந்திருக்காருங்க."

"வரட்டும். டீ வாங்கிக் கொடுத்தீங்களா?"

"விதை கேக்குறாருங்க."

"கொடுங்க."

"இல்லீங்களே அம்மா."

"படத்துல இருக்கே."

மாஸ்டர் தரையைப் பார்த்தார்.

"அது வறுத்ததுங்க."

நாச்சியார் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"யார் வறுத்தது?"

"நான்தான்."

"சடையன் அண்ணன்கிட்ட சொல்லியாச்சா?"

"இல்லீங்க."

"அப்புறம் என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?"

சுத்தியலை மறுபடி எடுத்துக்கொண்டார்.

மாஸ்டருக்கு அறுபத்து மூன்று வயது. பள்ளிக்கூடத்தில் ஓவியம் கற்பித்து ஓய்வு பெற்றவர். நாச்சியாருக்கு நாற்பத்திரண்டு. அணைக்கட்டு வேலையில் பொறியாளராக இருந்து ஒருநாள் எழுந்து வந்துவிட்டவர். ஏன் வந்தார் என்று கேட்டவர்களுக்கு இன்றுவரை பதில் இல்லை. வயதைப் பார்த்தால் குரு யார், சீடர் யார் என்பது தலைகீழ்தான். மாஸ்டர் வயதைப் பார்க்கவில்லை; நாச்சியாரையே குருவாக வைத்துக்கொண்டார்.

அந்த அடிவாரத்து ஊரில் ஆனி மாதம் ஆற்று விழா. சாமி கிடையாது, தேர் கிடையாது. வரைகிறவர், கட்டுகிறவர், உழுகிறவர், இயந்திரம் படித்தவர் எல்லாரும் மூன்று நாள் ஒரே பந்தலில் உட்காருவார்கள். எது எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, எதை இழுத்தால் எது ஆடும் என்று பார்ப்பார்கள். பார்த்ததைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி செய்து நிறுத்துவார்கள். அதுதான் விழா. போன வருஷம் சாக்கடையை எடுத்தார்கள். இந்த வருஷம் ஆறு.

ஆற்றை நான் செய்கிறேன் என்றார் மாஸ்டர். பன்னிரண்டு அடிப் பலகை. மலையில் தொடங்கிக் கடல் வரைக்கும் விதையாலேயே ஆறு. கரையில் இருக்கிற ஒவ்வோர் ஊரும் தன் விதையைக் கொடுக்க வேண்டும். மூன்றாம் நாள் படத்தைப் பிரித்துவிட வேண்டும். ஆளுக்கு ஒரு கை விதை. மேட்டு விதை பள்ளத்துக்குப் போகும், பள்ளத்து விதை மேட்டுக்கு ஏறும். பிரிப்பதற்காகவே செய்கிற படம்.

நல்ல யோசனை. அதைக் கெடுத்தது அழகு.

மலையின் கடைசி ஊரிலிருந்து சடையன் ஒரு கை அவரை கொண்டுவந்தார். கறுப்பு விதை. நடுவில் மெல்லிய சிவப்பு வளையம். அதைப் பார்த்ததும் மாஸ்டர் ஆற்றில் மீன் விட்டார். நாற்பத்தொரு மீன். ஒவ்வொன்றுக்கும் ஒரு கண்.

கண் வைத்ததும் மீன் நீந்தியது. மாஸ்டருக்குத் தூக்கம் போனது. வாழ்நாளெல்லாம் கரும்பலகையில் வரைந்து, மணி அடித்ததும் அழித்தவர் அவர். இதையுமா அழிப்பது?

வைத்திருந்தால் அவரையில்தான் முதலில் வண்டு விழுமே என்று யோசித்தார். கண்களையெல்லாம் பெயர்த்தெடுத்தார். மணல் சட்டியில் இளஞ்சூட்டில் வறுத்தார். மறுபடி பதித்தார். மேலே வார்னிஷ் அடித்தார். ஒருவரிடமும் சொல்லவில்லை.

அவர் எதிர்பார்த்தபடியே மூன்றாம் நாள் யாருக்கும் படத்தைப் பிரிக்க மனம் வரவில்லை. நூலகக் கூடத்தில் மாட்டினார்கள். கை தட்டினார்கள். கீழே கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். போட்டார்.

ஆவணியில் சடையனின் ஊருக்குள் காட்டுப்பன்றி இறங்கியது. ஒரே வாரத்தில் பதினேழு வீட்டுக் கொல்லையும் போனது. வீட்டில் இருந்த விதையெல்லாம் ஆடியிலேயே ஊன்றியாயிற்று; அந்த அவரை வேறெங்கும் இல்லை. படத்தில் இருக்கிறதே என்று சடையன் பஸ் ஏறினார்.

இவ்வளவுதான் நடந்தது.

மாஸ்டர் பஸ் நிறுத்தத்துக்குப் போனார். சடையன் சிமெண்டு பெஞ்சில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். மாஸ்டர் சொன்னார். ஒன்றையும் விடவில்லை.

சடையன் மடக்கிய காலைக் கீழே இறக்கினார்.

"திங்கத்தானே சார் வறுப்பாங்க?"

"படத்துக்காகங்க."

"படம் திங்குமா?"

மாஸ்டர் கேட்கக் கூடாத நேரத்தில் ஒன்று கேட்டார்.

"அதோட பூ எப்படி இருக்கும்?"

சடையன் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"விதை கொடுங்க. பூவைக் காட்டுறேன்."

பஸ் வந்தது. ஏறப்போனவர் திரும்பினார்.

"எங்க ஊர்ல மொதக் காய் வீட்டுக்கு இல்ல சார். யாரோட பேச்சுவார்த்தை இல்லையோ அவன் வீட்டுக்கு அனுப்பணும். அனுப்பிட்டு எப்படிப் பேசாம இருப்பே? தை மாசத்துல பாதிச் சண்டை அதுல தீந்துடும். எனக்கும் என் தம்பிக்கும் ரெண்டு வருஷமாப் பேச்சில்ல. இந்தத் தையில அனுப்பலாம்னு இருந்தேன்."

பஸ் போனது.

மாஸ்டர் நேரே நாச்சியாரிடம் போனார்.

"ஏதாவது வழி சொல்லுங்க அம்மா."

"படத்தைக் கொண்டு வாங்க."

நான்கு பேர் தூக்கி வந்தார்கள். விழாக் குழுச் செயலாளர் தாமோதரன் பின்னாலேயே ஓடிவந்து கத்தினார். யாரும் கேட்கவில்லை.

"கண்ணை எடுங்க."

மாஸ்டர் உளி வைத்து ஒவ்வொன்றாக எடுத்தார். நாற்பத்தொரு மீனும் குருடாயின.  வழித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு துண்டு நிலம் சும்மா கிடக்கு. நடுங்க."

"அம்மா, இது..."

"குழிக்கு ஒண்ணு. காலையும் சாயங்காலமும் தண்ணி. யாராவது கேட்டா உள்ளதைச் சொல்லணும். கேக்காதவங்ககிட்ட நீங்களாப் போய்ச் சொல்லக் கூடாது."

"எத்தனை நாளைக்கு?"

நாச்சியார் உள்ளே போய்விட்டார்.

நட்டார். பந்தலும் போட்டார், கொடி படர. நாற்பத்தொரு குழிக்கு நாற்பத்தொரு குச்சி.

பஸ்ஸுக்கு நிற்கிறவனுக்கு வேறென்ன வேலை? கேட்டார்கள்.

"என்ன மாஸ்டரே, விவசாயமா? என்ன போட்டிருக்கீங்க?"

"அவரை."

"நல்லா வரும், சீசன்தான்."

"வராது. வறுத்த விதை."

"யார் வறுத்தது?"

"நான்."

கேட்டவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் சொன்னான்: "அப்படியே கொஞ்சம் உப்பையும் தூவுங்க சார். பறிச்சதும் திங்கலாம்."

சிரிப்பு பஸ்ஸோடு போனது. ஒரு நாளைக்கு இருபத்திரண்டு பஸ். கண்டக்டர்கள் அந்த நிறுத்தத்துக்குப் பெயரே மாற்றிவிட்டார்கள். "செத்த அவரை எல்லாம் இறங்கு!"

புரட்டாசி போனது. களை முளைத்தது. மாஸ்டர் களையைப் பிடுங்கிவிட்டுத் தண்ணீர் ஊற்றினார்.

ஐப்பசியில் மழை கொட்டியது. மழையிலும் ஊற்றச் சொன்னார் நாச்சியார். குடை பிடித்துக்கொண்டு ஊற்றினார். ஊர் சிரித்தது. அவருடைய மருமகள் சாப்பாடு போடும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சந்தை நாளில் சடையன் கீழே இறங்குவார். பெஞ்சில் உட்கார்ந்து வெறும் பந்தலைப் பார்ப்பார். ஒன்றும் கேட்க மாட்டார். கேட்காதவரிடம் பேசக் கூடாதே. மாஸ்டர் ஊற்றிக்கொண்டிருப்பார். பஸ் வந்ததும் சடையன் எழுந்து போவார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கார்த்திகையில் மாஸ்டர் அந்தப் பூவை வரையத் தொடங்கினார். பார்க்காத பூ. வெள்ளையாக வரைந்து பார்த்தார். இல்லை. ஊதா போட்டார். இல்லை. மற்ற அவரைப் பூக்களைப் பார்த்து வரைந்தால் மற்ற அவரைதான் வந்தது. தூரிகையைக் கையில் வைத்தபடியே விடியும்வரை... இந்த அலங்காரம் வேண்டாம். உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். நாற்பது வருஷம் பூ வரையக் கற்பித்தவர். ஒரு பூவுக்காக நெஞ்சு இப்படி வலிக்கும் என்று எந்தப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை.

மார்கழியில் பொறுமை போயிற்று. குடத்தைத் தூக்கிக்கொண்டு நாச்சியாரின் வாசலுக்கு வந்தார். நங்கென்று வைத்தார்.

"வறுத்த விதை முளைக்காதுன்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"பின்னே எதுக்கு ஊத்தச் சொல்றீங்க?"

"வறுக்காத விதை முளைக்கும்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

மாஸ்டர் குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனார். அன்றைக்குச் சாயங்காலம் ஊற்றியபோது, குழிக்கு அரைச் செம்பு கூடவே ஊற்றினார்.

தை பாதி போயிருக்கும். சந்தை நாள். சடையன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நாச்சியார் டவுனுக்குப் போக பஸ்ஸுக்கு நின்றார். மாஸ்டர் முப்பதாவது குழியில் இருந்தார்.

பேரூராட்சியின் குப்பை வண்டி வந்து நின்றது. பச்சைத் தொட்டி நாலு, சிவப்புத் தொட்டி நாலு. ஓட்டிவந்த பெண் இறங்கினார். சேலைக்கு மேலே காக்கிச் சட்டை, கையில் உறை.

"செத்த அவரைக்குத் தண்ணி ஊத்துற வாத்தியார் நீங்கதானா?"

"ஆமாம்மா."

"பஸ்ல எல்லாம் பேசுறாங்க. கறுப்பு விதை, நடுவுல செவப்பா ஒரு வளையம்னு டீக்கடையில சொன்னாங்க. நெசமா?"

"நெசம்."

அந்தப் பெண் உறையைக் கழற்றினார். காக்கிச் சட்டைப் பையிலிருந்து காய்ந்த நெற்று ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இதுவா பாருங்க."

மாஸ்டரால் பிரிக்க முடியவில்லை.  சடையன் எழுந்து வந்து வாங்கினார். கட்டைவிரலால் அழுத்தினார். நெற்று வெடித்தது. மூன்று விதை.

கறுப்பு. நடுவில் சிவப்பு வளையம்.

சடையன் ஒன்றை எடுத்துப் பல்லில் லேசாகக் கடித்துப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"எங்கே இருந்துச்சும்மா?" என்றார் மாஸ்டர்.

"உரக் கிடங்கு வேலியில. ஆனி மாசம் நீங்க படம் செஞ்ச குப்பையைக் கொட்டினேன் பாருங்க, அந்த இடத்துல. மூணு கொடி. வேலி தெரியாம அப்பியிருக்கு. போன வாரமே புடுங்கச் சொல்லி மேஸ்திரி ஒரே சத்தம். புடுங்கத்தான் இருந்தேன். அப்பதான் இந்தக் கதை காதுல விழுந்துச்சு. நில்லுய்யா, ஒருத்தர் இதுக்காகக் கல்லுக்குத் தண்ணி ஊத்துறாருன்னு சொல்லிட்டேன்."

மாஸ்டருக்கு அப்போதுதான் நினைவு வந்தது. நாற்பத்தொன்று தேறியது எப்படி? அவர்தான் பொறுக்கினார். வளையம் கோணலாக இருந்த நாலைந்தை ஒதுக்கினார். வைத்தால் மீனுக்கு மாறுகண் வந்துவிடும். பெருக்கித் தள்ளியதும் அவரேதான்.

சடையன் கையிலிருந்த விதைகளைப் பார்த்தார். மூன்றிலும் வளையம் கோணல்.

"இன்னும் எத்தனை நெத்து இருக்கும்மா?" என்றார் சடையன். 

"எண்ணல அண்ணே. ஒரு கூடை வரும். சாயங்காலம் கிடங்குப் பக்கம் வாங்க, நீங்களே பறிச்சுக்கங்க. எனக்கு இன்னும் ரெண்டு தெரு பாக்கி."

உறையை மாட்டிக்கொண்டு ஏறினார். வண்டி கிளம்பியது.

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. தாமோதரன் எங்கிருந்தோ முளைத்தார்.

"நான் அப்பவே சொன்னேன், அம்மா வாக்கு பலிக்கும்னு! வர்ற விழாவுல முதல் பலகை இதுதான். நாச்சியார் அம்மாள் மீட்ட அவரை. மாஸ்டர், பெருசா எழுதணும்."

நாச்சியார் பஸ் வருகிறதா என்று சாலையைப் பார்த்தார்.

சடையன் விதைகளை வேட்டி முனையில் முடிந்துகொண்டார். மாஸ்டரின் தோளைத் தொட்டார். ஐந்து மாதத்தில் முதல் பேச்சு.

"ஊருக்குப் போனா கேப்பாங்க சார். யார் காப்பாத்துனதுன்னு. என்ன பேரு சொல்ல?"

மாஸ்டர் நாச்சியாரைப் பார்த்தார்.

"என்னை ஏன் பாக்குறீங்க?" என்றார் நாச்சியார். "ஏழு வருஷமா உங்க வீட்டுக் குப்பையை எடுக்குறவங்க. உங்களுக்குத் தெரியாதா?"

மாஸ்டர் குடத்தைப் போட்டார். ஓடினார். அறுபத்து மூன்று வயதில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கூட்டம் பார்க்கப் பார்க்க, குப்பை வண்டியின் பின்னால் ஓடினார். மேலத்தெரு முனையில் பிடித்தார். மூச்சு வாங்கியது.

"அம்மா... உங்க பேரு... என்ன?"

வண்டி நின்றது. அந்தப் பெண் திரும்பிப் பார்த்தார். முகம் இறுகியது.

"எதுக்கு சார்? என் மேல மனு எழுதிப் போடவா?"

"இல்லம்மா. இல்ல."

அவர் மாஸ்டரை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு சொன்னார்.

"தேசம்மாள்."