தேன்சிட்டும் ஒட்டடைக் கம்பும்

வருஷத்தில் எட்டு மாசம் மழை ஓயாத மலை அது. அங்கே சிவகாமி அம்மையின் மடத்தில் சீடராகச் சேர்ந்தபோது கோமதிநாயகத்துக்கு வயது அறுபத்திரண்டு. குருவுக்கு நாற்பதுதான். சீடர் ரயில்வேயில் தண்டவாளப் போல்ட்டு பார்த்து ஓய்வு பெற்ற மனுஷர். மடத்தில் அவருக்குக் கிடைத்த வேலை ஒட்டடை அடிப்பது. விடுவாரா? ஒரு சிலந்தி நிம்மதியாக நூல் விட முடியாது.

அன்றைக்குக் கம்பும் கையுமாகக் குருவின் முன் வந்து நின்றார்.

"அம்மா, எனக்குக் காவி கொடுத்துருங்க."

"என்ன அவசரம்?"

"மக கடிதாசி போட்டிருக்கா. ஏழாம் மாசமாம். தாயில்லாப் பொண்ணு. நீங்களாவது வந்து பக்கத்துல இருங்கப்பாங்கறா. போனா மாட்டிக்குவேன், திரும்பி வரமாட்டேன். இந்தப் பந்தத்தை எப்படி அறுக்கிறது?"

குரு துணி உலர்த்தும் கொடியைக் காட்டினார். அதன் நுனியில் ஒரு பெட்டைத் தேன்சிட்டு கூடு கட்டத் தொடங்கியிருந்தது.

"ஒரு வாரம் அதைப் பாருங்க. அப்புறம் தரேன்."

பார்த்தார். அடேயப்பா, என்ன சுறுசுறுப்பு! கட்டைவிரல் அளவு உடம்பை வைத்துக்கொண்டு பாசியும் நாருமாகச் சுமந்து தள்ளியது. மறுநாள் குளியலறை ஜன்னலில் அவர் கண்ணுக்குத் தப்பியிருந்த ஒரு சிலந்தி வலைக்கு முன்னால், அந்தரத்தில் சிறகடித்து நின்றது.

"ஐயையோ, மாட்டிக்கப் போகுதே!"

ஒரே வீச்சில் வலையைக் கம்பில் சுருட்டிவிட்டார். குருவி விர்ரென்று பறந்தது. ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்று அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

குரு எட்டிப் பார்த்தார். "போச்சு. அது நூல் எடுக்க வந்துச்சு. அந்த நூல் இல்லாம கூடு நிக்காது."

மறுநாள் கூட்டிலிருந்து பாசி உதிரத் தொடங்கியது. காட்டில் இருந்த வலைகளை மழை அடித்துக்கொண்டு போயிருந்தது. மடத்திலோ ஒரு இழை கிடையாது, அவர்தான் துடைத்து வைத்திருந்தாரே. குருவி மூலை மூலையாகத் தேடியது. கோமதிநாயகம் தன் வேட்டியில் நூல் உருவிக் கொடியில் போட்டார். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கம்பைக் கொண்டுபோய்ப் பரணில் எறிந்தார்.

நாலாம் நாள் ஜன்னலில் சிலந்தி மறுபடி நூல் விட்டது. குருவி வந்தது. இழை இழையாக உருவிக் கொடியில் சுற்றி, கூட்டில் சுற்றி, மறுபடி கொடியில் சுற்றியது. வார முடிவில் பேய்க்காற்று. கொடியில் கிடந்த துணியெல்லாம் பள்ளத்துக்குப் போய்விட்டன. கூடு ஆடியது, அவ்வளவுதான். உள்ளிருந்து குருவி மூக்கை மட்டும் நீட்டிப் பார்த்தது.

மறுநாள் காலை குரு மடித்த காவியோடு வந்தார்.

"சொன்னபடி வாரம் ஆச்சு. இந்தாங்க."

வாங்கிக்கொண்டார். கண் மட்டும் கூட்டை விட்டு நகரவில்லை.

"நாப்பது வருஷம் போல்ட்டு முடுக்கியிருக்கேம்மா. இப்படியொரு பிடிப்பை நான் பார்த்ததில்ல." கொடியில் சுற்றியிருந்த இழையைக் காட்டி, "பூச்சி மாட்டிச் சாகிற அதே நூல்தானே இது?" என்றார்.

"அதே நூல்தான்."

கோமதிநாயகம் காவியை உதறி, இரு கையாலும் அகல விரித்து நீளம் பார்த்தார்.

"பிள்ளைக்குத் தூளி கட்ட இது காணுமா, அம்மா?"

குரு துணியின் ஓரத்தை இழுத்துப் பார்த்தார்.

"நல்ல கெட்டித் துணி. முடிச்சை மட்டும் பார்த்துப் போடுங்க."