இடது பின் சக்கரம்

ஏற்காடு மலையின் அடிவாரத்தில் தவமணி டயர் கடை வைத்திருந்தாள். அவளுக்கு வயது முப்பத்து மூன்று. அவளிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்த அர்த்தநாரிக்கு ஐம்பத்தொன்று. வேலை பார்த்த நூல் மில்லை மூடியதும் இங்கே வந்து சேர்ந்தவர். நரைத்த தலையைப் பார்த்துவிட்டு வண்டிக்காரர்கள் அவரைத்தான் மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். அவர் கூச்சத்தோடு தவமணியைக் கை காட்டுவார்.

ஆறு மாதமாக அவருக்கு ஒரே ஆசை. மலையேறும் வண்டி ஒன்றைத் தானே முழுதாக முடித்து அனுப்ப வேண்டும். தவமணியோ, கடைசியில் வந்து ஒவ்வொரு நட்டையும் தொட்டுப் பார்த்த பிறகுதான் எந்த வண்டியையும் விடுவாள்.

ஒருநாள் கேட்டேவிட்டார்.

"மாஸ்டர், இறுக்கம் சரியான அளவுக்கு வந்ததும் ஸ்பேனரே 'டக்'குன்னு சொல்லிடுது. அதுக்கு மேல நீங்க எதுக்குங்க தொட்டுப் பாக்கறீங்க?"

"சொல்றேண்ணா" என்றாள். சொல்லவில்லை. கேட்ட அன்றே அவள் பதில் சொன்னதாகச் சரித்திரம் இல்லை.

மறுநாள் காலை ஒரு கார் வந்தது. கணவன், மனைவி, மடியில் பத்து மாதக் குழந்தை. மலைமேல் கோயிலில் குழந்தைக்கு மொட்டை. காற்றுப் பிடிக்கத்தான் நிறுத்தினார்கள். டயரின் பக்கவாட்டில் இருந்த தயாரிப்பு ஆண்டை அர்த்தநாரி குனிந்து படித்தார்.

"பத்து வருசத்து டயருங்க இது. நாலையும் மாத்திடுங்க."

"டயர் பட்டன் கொஞ்சம்கூடத் தேயலையே? வண்டி பாதி நாள் வீட்லதான் நிக்குது."

"நின்னாலும் ரப்பருக்கு வயசாகுமுங்க. இங்க பாருங்க, முடி மாதிரி வெடிப்பு ஓடியிருக்கு."

கார்க்காரர் பார்த்தார். முகம் மாறிவிட்டது; மாற்றச் சொல்லிவிட்டார். அர்த்தநாரி தவமணியைப் பார்த்தார்.

"நீங்களே முடிங்கண்ணா" என்றாள் அவள்.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. டயர்களை மாற்றினார், காற்று வைத்தார், எதிரெதிர் நட்டாக இறுக்கினார். டக். டக். இடையில் கார்க்காரர் கோயில் கதை சொன்னார். கேள்வி கேட்காமல் இருக்க அர்த்தநாரிக்குத் தெரியாது. கேட்டுக்கொண்டே இறுக்கினார். தவமணி ஓரமாக உட்கார்ந்து ஒரு ட்யூபுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தாள். அவள் காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தது.

"முடிஞ்சுதாண்ணா?"

"முடிஞ்சுதுங்க."

"அப்ப நீங்களும் ஏறிக்குங்க. மேல வரைக்கும் போயிட்டு பஸ்ல வாங்க."

"நான் எதுக்குங்க?"

"சும்மாதான்."

அவள் ஒரு நட்டைக்கூடத் தொடவில்லை. இதுதான் பரீட்சை என்று அர்த்தநாரி புரிந்துகொண்டார். பேசாமல் உட்கார்ந்து போய்வந்தால் பாஸ்.

பின் சீட்டில் உட்கார்ந்தார். அவருக்கு இடப்புறம் அந்தப் பெண், மடியில் குழந்தை. முதல் கொண்டை ஊசி வளைவு வரை சந்தோஷமாக இருந்தது. அதன் பிறகு இடது பின் சக்கரம் ஞாபகத்துக்கு வந்தது.

மற்ற மூன்றிலும் 'டக்' கேட்டது நினைவிருக்கிறது. இதில் கோயில் கதைதான் நினைவிருக்கிறது. யோசித்து யோசித்துப் பார்த்தார். அந்தச் சத்தம் வரவில்லை.

இப்போது நிறுத்தச் சொன்னால் ஆறு மாத ஆசை போச்சு. கார்க்காரர் வேறு சிரிப்பார். குழந்தை அவர் விரலைப் பிடித்து இழுத்தது.

"வண்டியக் கொஞ்சம் ஓரங்கட்டுங்க."

இறங்கி, டிக்கியில் இருந்த வண்டி ஸ்பேனரை எடுத்தார். இடது பின் சக்கரத்தின் ஐந்து நட்டும் அசையவில்லை. மற்ற சக்கரங்களையும் பார்த்தார். எதுவும் அசையவில்லை.

"செஞ்ச வேலை மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லீங்களா?" என்று சிரித்தார் கார்க்காரர்.

அர்த்தநாரிக்கு அவமானமாக இருந்தது. ஸ்பேனரை டிக்கியில் போட்டுவிட்டு மறுபடி ஏறிக்கொண்டார்.

மதியம் பஸ்ஸில் திரும்பி வந்தார்.

"நடுவழியில இறங்கிட்டேன், மாஸ்டர்."

"எத்தனாவது வளைவு?"

"ரெண்டாவதுங்க."

"லூசா இருந்துச்சா?"

"ஒண்ணுகூட இல்லீங்க. எல்லாம் கல்லு மாதிரி இருந்துச்சு."

"அப்புறம் எதுக்கு இறங்குனீங்க?"

"அந்தச் சக்கரத்துக்கு மேலதான் கொழந்த உக்காந்திருந்துச்சுங்க."

வாசலில் சக்கரம் கழற்றிய ஜீப் ஒன்று நின்றது. தவமணி ஸ்பேனரை அவரிடம் நீட்டினாள்.

"இத நீங்களே முடிச்சு அனுப்பிடுங்க. நான் சாப்பிடப் போறேன்."

அவரால் நம்ப முடியவில்லை. வாங்கிக்கொண்டார். ஆனாலும் கண் மலைப் பாதையிலேயே இருந்தது. காலையில் போன கார் இன்னும் இறங்கி வரவில்லை.

"இந்த வண்டியிலயும் நான் கூடப் போகணுமுங்களா, மாஸ்டர்?"

தவமணி சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டாள்.

"காலைல ஏறுன வண்டியில இருந்தே நீங்க இன்னும் இறங்கலையேண்ணா."