பத்தில் ஒரு பங்கு

மழை பொய்த்த இரண்டாம் வருஷம் அது. கீழவனூர் ஜமீனில் ஏரி தூர்வாரும் சனங்களுக்குத் தினமும் அளந்துவந்த கூலி நெல்லைத் திவான் அனந்தராயர் நிறுத்திவிட்டார்.

"ஊருக்குள் போகும் நெல்லில் பத்தில் ஒன்பது பங்கு குத்தகை நெல், பிரபு. கூலி நெல் பத்தில் ஒரு பங்குதான். அது நின்றால் ஊர் ஒன்றும் கெட்டுப்போகாது" என்றார் ஜமீன்தாரிடம்.

கூடம் பெருக்கிக்கொண்டிருந்த சடைச்சி வாய்தவறிச் சொல்லிவிட்டாள்: "கெட்டுப்போச்சுங்க சாமி."

திவானுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எழுத்து வாசனை இல்லாதவள் எனக்குக் கணக்குச் சொல்கிறாயா? இருட்டுவதற்குள் நிரூபி. இல்லையென்றால் துடைப்பத்தைப் போட்டுவிட்டு நடையைக் கட்டு."

அவள் ஜமீன்தாரைக் கும்பிட்டாள். "மேல்மாடிக்கு வரணும் மகாராசா."

சமைக்கிற நேரம். கீழே முந்நூறு வீடுகள். நாலு மச்சுவீட்டில் மட்டும் புகை எழுந்தது.

"அந்த நாலு வீட்டுக்குத்தான் குத்தகை நெல்லு போகுது. இந்த வருஷம் பாதிதான் வந்துச்சு. ஆனாலும் உலை கொதிக்குது."

"மற்ற வீடுகள்?" என்றார் ஜமீன்தார்.

திவான் முந்திக்கொண்டார். "சோம்பேறிகள், பிரபு. இன்னும் அடுப்பு மூட்டவில்லை."

"ஆமாங்க சாமி" என்றாள் சடைச்சி. "முந்தாநாள் கூலி நின்னதிலேருந்து மூட்டலை."

திவான் தலை கவிழ்ந்தார். ஜமீன்தார் உடனே களஞ்சியத்தைத் திறக்கச் சொல்லி, திவான் கையிலேயே மரக்காலைக் கொடுத்து அளக்க வைத்தார்.

சடைச்சி முந்தானையில் நெல்லை வாங்கிக்கொண்டு, ஏரி வேலைக்குப் போய்வந்த தன் தங்கச்சி வீட்டுக்கு ஓடினாள். கதவு திறந்து கிடந்தது. காலையிலேயே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்களாம். எந்தத் திசைக்கு என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை.