கணவாய்க்குப் போன கம்பளி

கேளுங்கள், குளிருக்குப் பயந்து போர்வைக்குள் சுருண்டிருப்பவர்களும் கேளுங்கள். முன்னொரு காலத்தில் பனிமலை அடிவாரத்தில் ஒரு நெசவாளர் ஊர். அங்கே பச்சைநாயகி என்று ஒருத்தி. அவள் கணவன் அழகப்பனை அரசன் மலைக்கணவாய்க்குக் காவல் வைத்துவிட்டான். இறங்கி வர அவனுக்கு உத்தரவு இல்லை. ஆறு வற்றும் பனிக்காலத்தில் மட்டும் மேலே போகப் பாதை திறக்கும்.

வருடந்தோறும் தன் கையால் நெய்த பருத்திப் போர்வையை உப்பு வணிகரிடம் கொடுத்தனுப்புவாள். போர்வை போகும், அவள் போனதில்லை. தறியில் உட்கார்ந்தால் அவன் முகம்தான். சோற்றில் கை வைத்தால் அவன் நினைப்புதான். இந்த முறை பார்த்தே தீருவது என்று கிளம்பினாள்.

முதலில் கல்யாணத்தில் கட்டிய கூறைப்பட்டுச் சேலையை உடுத்திக்கொண்டு போனாள். கணவனைப் பார்க்க வேறு எதை உடுத்துவது? மெல்லிய பட்டுக்குள் காற்று புகுந்து பல் கிட்டிப்போனது. பாதி வழியில் திரும்பினாள்.

அடுத்து பருத்திப் போர்வைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிக்கொண்டு போனாள். ஏற்றத்தில் வேர்வையும் பனியும் சேர்ந்து நனைத்தன. நனைந்த பருத்தி உடம்போடு ஒட்டி, எலும்புவரை நடுக்கம் எடுத்தது. மேலே கணவாயின் அடுப்புப் புகை தெரிந்தது. தெரிந்தும் திரும்ப வேண்டியதாயிற்று. அன்று அவள் அழுத அழுகை கொஞ்சநஞ்சமல்ல.

இறங்கும் வழியில் ஆடுகள் பனியில் நனைந்தபடி நிம்மதியாக மேய்ந்துகொண்டிருந்தன. ஒன்றின் முதுகில் கை வைத்தாள். மேலே ஈரம், மயிருக்குள் விரலை விட்டால் கதகதப்பு.

அந்த ஊரில் கம்பளியைத் தொடமாட்டார்கள், தறிக்கு அவமானமாம். அவளோ ஆட்டுக்காரர்களிடம் ஒன்று வாங்கி வந்துவிட்டாள்.

"நம்ம துணியில இல்லாத சூடா? ஆட்டு மயிரையா சுத்திக்கிட்டுப் போவே?" என்றாள் மாமியார்.

"அவரைப் பாக்கணும் அத்தை. வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது."

மூன்றாம் முறை உள்ளே பட்டு, மேலே கம்பளி. பட்டு இருந்ததால் கம்பளி உடம்பில் குத்தவில்லை. பனி கொட்டியது; நனைந்தும் அவளுக்குக் குளிரவில்லை. கணவாய்க்கு வந்து சேர்ந்தாள்.

யாரோ ஆட்டுக்காரி என்றுதான் அழகப்பன் நினைத்தான். அவள் முக்காட்டை விலக்கியதும்தான் அடையாளம் தெரிந்தது. அவள் அனுப்பிய போர்வைகளையெல்லாம் சுற்றிக்கொண்டு, அவை ஈரத்தில் கனக்க, நடுங்கியபடி நின்றான்.

"ஆட்டுக்காரங்க இந்தப் பக்கம் வருவாங்களே, ஒரு கம்பளி வாங்கிக்கக் கூடாதா நீங்க?"

"சும்மாவே கொடுத்தாங்க. நீ நெய்து அனுப்பினது இருக்கறப்ப அதை எப்படிப் போத்திக்கிறது?"

இத்தனை வருடக் குளிரையும் அவனுக்கு அனுப்பியவள் தானேதான் என்று பச்சைநாயகிக்குப் புரிந்தது. ஈரப் போர்வைகளை உருவிப் போட்டுவிட்டு, அவனைத் தன் கம்பளிக்குள் இழுத்துக்கொண்டாள்.

ஆகவே நல்லவர்களே, எவ்வளவு அன்போடு கொடுத்தாலும், வாங்குகிறவரின் குளிருக்கு எது ஏற்றதோ அதைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.