தேங்காய் விழுந்த இடம்

தூத்துக்குடிக் கடற்கரையில் ஆறுமுகநயினாருக்கு மூன்று மாடி வீடு. மேல்மாடி வெளிச்சுவரில் ஏசி வைத்த இரும்பு ஸ்டாண்டில் ஏறி நின்று ரிப்பேர் செய்த சுடலைமணி கீழே விழுந்து செத்ததும், "குடிச்சிட்டு விழுந்தான்" என்று போலீசில் எழுதிக் கொடுத்தார். உப்புக்காற்று அரித்து ஒருபக்கம் சரிந்திருந்த ஸ்டாண்டை நிமிர்த்தி, துரு தெரியாமல் பெயிண்ட் அடித்தார்.

புது ஏசி மாட்ட சுடலைமணியின் கூட்டாளி இசக்கி வந்தான்.

"ஸ்டாண்டை மாத்தணும்யா."

"ஏல, அது கல்லு மாதிரி இருக்கு. ஏறி நின்னு மாட்டு."

"சரிய்யா. புது மெஷினு. முதல்ல உங்க கையால ஸ்டாண்டு மேல ஒரு தேங்கா உடைங்க."

கீழே நின்றவர்களை இசக்கி முன்பே தள்ளி நிற்கச் சொல்லியிருந்தான். தெருவே அண்ணாந்து பார்க்க, நயினார் ஜன்னல் வழியே குனிந்து ஓங்கி அடித்தார். ஸ்டாண்டு முறிந்து, தேங்காயோடு தரையில் போய் விழுந்தது.

இசக்கி எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டான்:

"இந்தத் தேங்காயும் குடிச்சிருந்துச்சாய்யா?"